முப்பத்து மூன்று வருஷத் துவர்ப்பு

பழசு என்றாலே உசத்தி என்று ஒரு கட்சி நம் ஊரில் எப்போதும் உண்டு. பழைய அரிசி, பழம்புளி, பழைய வெல்லம், பழைய சினிமாப் பாட்டு. இந்தக் கட்சியின் கிளைச் செயலாளர் ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார். புது கம்ப்யூட்டர் வந்தால், "பழைய லெட்ஜர் மாதிரி வருமா சார்?" என்பார். அந்த லெட்ஜரைக் கரையான் தின்று தீர்த்ததை ஞாபகப்படுத்தினால் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்.

இந்தக் கட்சிக்கு உலக அளவில் சின்னம் ஒதுக்கினால் ஒயின் பாட்டிலைத்தான் ஒதுக்குவார்கள். 'வயசாக ஆக ஒயின் மாதிரி மெருகேறுகிறார்' என்று நம் கதாநாயகர்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. எழுதுகிறவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே வயசான ஒயினை வாயில் விட்டுப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. 2023 டிசம்பரில், திருவக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், எவர்சில்வர் டம்ளர்களுக்கு நடுவே. மொத்தமாக என் பங்குக்கு வந்தது அரை டம்ளர்தான். ஆகவே சம்சாரங்கள் பயப்பட வேண்டாம்.

அந்த பாட்டிலுக்கு ஒரு முன்கதை உண்டு.

புதுச்சேரிப் பக்கம், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களைச் 'சொல்தா' என்பார்கள். சோல்ஜர் என்பதன் பிரெஞ்சு வடிவம். என் பக்கத்து சீட்டு நண்பனின் அப்பா ஒரு சொல்தா. ராணுவத்திலிருந்து வந்த பிறகு, நீஸ் நகரத்தில் ஓர் இத்தாலிக்காரரின் ஓட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். 1990-ல் அங்கே அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். முதலாளி சந்தோஷப்பட்டு, "அவள் பிறந்த வருஷத்து பரோலோ ஒன்று தருகிறேன், அவள் கல்யாணத்துக்குத் திற" என்றார். சொன்னாரே தவிர உடனே தரவில்லை. தரவும் முடியாது. அந்த வருஷத் திராட்சையில் செய்த பரோலோவை 1994-க்கு முன்னால் கடையில் வைக்கக் கூடாது என்று இத்தாலியில் சட்டம். இன்றைய சட்டப்படியும் 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். நாலு வருஷம் கழித்து முதலாளி மறக்காமல் கொடுத்தாராம். நம் முதலாளிகள் போன தீபாவளிக்குச் சொன்ன போனஸையே மறந்துவிடுகிறார்கள்.

பரோலோ என்பது வட இத்தாலியில், பியட்மாண்ட் பகுதியில் ஒரு கிராமம். அதைச் சுற்றியுள்ள குன்றுகளில் நெபியோலோ என்ற திராட்சை விளைகிறது. மற்றத் திராட்சைகளை எல்லாம் பறித்து முடித்த பிறகு, மலையில் பனிமூட்டம் இறங்கும் அக்டோபரில்தான் இது பழுக்கும். பார்க்க ஒல்லியான ஆசாமி. நிறம் வெளுப்பு. ஆனால் துவர்ப்பும் புளிப்பும் அடங்காது. அப்பா அந்தக் காலத்தில் நாலு வயசு பரோலோவை ருசி பார்த்த கதையைச் சொல்வார்:

"கடுக்கா கஷாயம் கெட்டது போ! நாக்கு உள்ளங்கால் மாதிரி ஆயிடுச்சி. இதையா காசு குடுத்து வாங்குறாங்கன்னு மொதலாளியக் கேட்டேன். இந்தக் கடிதான் இருபது முப்பது வருஷம் இதைக் காப்பாத்தும்னாரு."

முதலாளி சொன்னது சரி. கடுக்காய், பாக்கு, வாழைப்பூ எல்லாவற்றிலும் நாக்கை இழுத்துப் பிடிக்கிற ஒரு சத்து இருக்கிறதே, டானின், அதேதான் திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் இருக்கிற இதை வைத்துத்தான் தோல் பதனிட்டார்கள். நம் எச்சிலில் இருக்கிற புரோட்டீனைப் பிடித்துக் கட்டிவிடுவதால் வாய் உலர்ந்து போகிறது. இங்கிலீஷ்காரன் இதை விளக்க ஒரு பாரா எழுதுவான். நாம் 'துவர்ப்பு' என்று ஒரு வார்த்தையில் சொல்லி, அதை அறுசுவையிலும் சேர்த்துவிட்டோம்.

பாட்டிலுக்குள் வருஷம் போகப் போக, இந்தத் துவர்ப்புச் சத்தும் சிவப்புச் சாயமும் ஒன்றோடொன்று கைகோர்த்துக் கனமாகி, வண்டலாக அடியில் படிகின்றன. தக்கை வழியாக மூச்சு விடுகிற அளவுக்குக் கொஞ்சமாகக் காற்று போகிறது. கடி குறைகிறது. பழ வாசனை போய் வேறு வாசனைகள் வருகின்றன. சிவப்பு ஒயின் வயசானால் வெளுக்கும். வெள்ளை ஒயின் வயசானால் கறுக்கும். மனிதர்களில் எந்த வகை எப்படி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம் நடக்க பாட்டில் 12, 13 டிகிரி குளிரில், இருட்டில், படுத்தபடி இருக்க வேண்டும். திண்டிவனம் கத்திரி வெயிலில் ஒரு மாசம் வைத்தால் கதை முடிந்தது. அதனால் 2008-ல் அப்பா ஊருக்குத் திரும்பியபோது பாட்டிலைப் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த மகளிடமே விட்டுவிட்டு வந்தார். அவள் இருந்த கட்டடத்தின் அடியில் நிலவறை உண்டு. "உன் கல்யாணத்தன்னிக்கு வந்து நானே தெறக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

2014-ல் அவள் கல்யாணம் நடந்தது. அவர் போகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பெண் தானாக ஒருவரைத் தேடிக்கொண்டால் நம் ஊர் அப்பாக்கள் சொல்கிற காரணம்தான். புதிதாகவா கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஒன்பது வருஷம் அம்மாவுடன்தான் போன். அப்பா பக்கத்து அறையில் ரேடியோ சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். பாட்டில் நிலவறையிலேயே படுத்திருந்தது.

நடுவில் 2021-ல் கொரோனா வந்து அப்பாவின் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, வாசனை மட்டும் திரும்பவில்லை. பெருங்காயமும் பெட்ரோலும் அவருக்கு ஒன்றுதான். நாக்குக்கு நேரடியாகத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி நாலைந்துதான். காரமும் துவர்ப்பும் தொட்டுணர்கிற சமாசாரம். மிச்ச ருசி எல்லாம் தொண்டைப் பக்கமாக மேலே ஏறி மூக்கு சொல்வது. ஜலதோஷம் பிடித்தால் சாம்பார் உப்புத் தண்ணீராகிவிடுகிறதே, அப்படி. அவருக்கு இரண்டு வருஷமாக ஜலதோஷ சாம்பார்.

இந்தச் செய்தி பாரிஸுக்கு எட்டியது. அந்த டிசம்பரில் மகள், எட்டு வயசுப் பேத்தியையும் அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. என் நண்பன் என்னையும் வரச் சொன்னான். "நடுவுல ஒரு மூணாவது மனுஷன் இருந்தா நல்லதுடா. சும்மா உக்காந்தா போதும்" என்றான். ஆபீஸ் மீட்டிங்குகளில் பத்து வருஷம் சும்மா உட்கார்ந்த அனுபவம் எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். பாட்டில் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், முருங்கைக்காய்க்கும் கோஸுக்கும் நடுவே நட்டுக்குத்தலாக நின்றது. வண்டல் அடியில் இறங்குவதற்காக மூன்று நாளாக அப்படி நிற்கிறதாம். யாரும் அசைக்கக் கூடாது. முருங்கைக்காய் எடுப்பதானால்கூட அப்பாவிடம் கேட்டுத்தான். "நாலு மணிக்குத்தான் தெறக்கணும். அதுவரைக்கும் கல்மரம் பாத்துட்டு வாங்க" என்று எங்களைத் துரத்தினார். தங்கச்சியும் பேத்தியும் கூட வந்தார்கள். வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே கூடத்தில் இருந்தால் மின்விசிறி சத்தம் மட்டும்தான் கேட்டது.

திருவக்கரை என்றால் பலருக்கு வக்ரகாளி ஞாபகம் வரும். சந்திரமௌலீஸ்வரர் கோயில், பௌர்ணமிக் கூட்டம். கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கல்மரப் பூங்கா. 247 ஏக்கர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது. சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன்னால் இருந்த மரங்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

கிடக்கிற மரம் ஒன்றிலும் கிளை இல்லை, வேர் இல்லை. ஏதோ ஒரு காலத்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து இங்கே மணலில் புதைத்துவிட்டது. காற்றுப் படாததால் மக்கவில்லை. மண்ணுக்குள் ஓடிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் அணு அணுவாக உள்ளே புகுந்து இடம் பிடித்துக்கொண்டது. பட்டை தெரிகிறது, வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது. தட்டினால் கல். புளியின் குடும்பம், கடுக்காயின் குடும்பம் எல்லாம் இதில் இருக்கிறதாம்.

பேத்தி ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்து, "இது இன்னும் எவ்ளோ வருஷம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"யாரும் உடைக்காம இருந்தா, எவ்ளோ வருஷம் வேணும்னாலும்."

"மாமா, அது ஏன்?"

"ஏன்னா இதுல மரம் எதுவும் இல்லடா செல்லம். எல்லாம் கல்லுதான். கல்லு காத்துக்கிட்டே இருக்கும்" என்றான் என் நண்பன். தங்கச்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

திரும்பும்போது ஆற்றைக் காட்டினான். சங்கராபரணி. வராக நதி என்றும் சொல்வார்கள். செஞ்சிப் பக்கமிருந்து வருகிற இதன் கிளை ஒன்றுதான் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு என்று பெயர் மாறி அரிக்கமேட்டை ஒட்டிப் போகிறது. இத்தாலி ஒயின் இந்தப் பக்கம் வருவது முதல் தடவை இல்லை என்பதற்கு அரிக்கமேடு சாட்சி. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அப்புறம் கசால், 1989 முதல் 92 வரை விமலா பெக்லி. இரண்டு காதும் கூர் அடியுமாக மத்திய தரைக்கடல் நாட்டு ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. சில இத்தாலியின் கம்பானியா பகுதியைச் சேர்ந்தவை. சில கோஸ் தீவின் ஜாடி வகை. அந்தத் தீவு மதுவில் கடல் தண்ணீரைக் கலப்பது வழக்கம்! ஜாடிக்குள் பைன் மரப் பிசினைப் பூசுவார்கள். புறநானூற்றில் நக்கீரர் ஒரு பாண்டியனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டு வந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பதைச் சொல்கிறார். கப்பலில் மாசக்கணக்காக உருண்டு, பிசினும் வெயிலுமாகச் சேர்ந்த அந்தப் பழைய ஒயின் எப்படி ருசித்திருக்கும் என்று யோசித்தால் பாண்டியன் மேல் கொஞ்சம் பரிதாபம் வருகிறது.

ரோமாபுரியிலும் நம் பழசுக் கட்சி இருந்திருக்கிறது. கி.மு. 121-ல் ஓபிமியஸ் என்பவர் அதிகாரத்தில் இருந்த வருஷம் அமோகமான திராட்சை விளைச்சல். அந்த வருஷ மதுவைக் கிட்டத்தட்ட 200 வருஷம் வைத்திருந்தார்கள். கடைசியில் அது கரடுமுரடான தேன் மாதிரி இறுகி, குடிக்க முடியாத கசப்பாகிவிட்டதாக பிளினி எழுதியிருக்கிறார். அப்போதும் அதன் விலை மட்டும் குறையவில்லை. மற்ற மதுவில் துளித் துளியாகக் கலந்து பெருமை பேசிக்கொண்டார்கள்.

நாலு மணி. தக்கை பாதியில் உடைந்தது. மிச்சத்தைக் குச்சியால் உள்ளே தள்ளி, துவைத்துக் காய்ந்த வேட்டித் துணியில் வடிகட்டினோம். வண்டல் வருகிறதா என்று பாட்டில் கழுத்துக்குக் கீழே நான் செல்போன் டார்ச் பிடித்தேன். கண்ணாடி டம்ளரில் பார்த்தால் சிவப்பே இல்லை. செங்கல் நிறம். ஓரத்தில் ஆரஞ்சு.

அப்பா முதல் வாய் வைத்தார். வீடே அவர் முகத்தைப் பார்த்தது.

"புளிக்குது. லேசாத் துவர்க்குது. அவ்ளோதான்." டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீ வெளியாளு. பொய் சொல்ல மாட்டே. நீ குடிச்சி எப்படி இருக்குன்னு சொல்லு. நான் கேட்டுக்கிறேன்" என்றார்.

சும்மா உட்காரக் கூட்டி வந்தவனுக்கு இப்படி ஒரு வேலை. முகர்ந்தேன்.

"பூட்டி வெச்ச பீரோ. ஈரக் கோணி."

"சரிதான். இப்பதானே கண்ணு முழிக்குது. அரை மணி போகட்டும்."

அரை மணி போயிற்று. மறுபடி முகர்ந்தால் வேறு ஆளாக இருந்தது. "காஞ்ச அத்திப்பழம். அதிமதுரம். அப்புறம்... ரோடு போடறப்ப தார் வாசனை வருமே, அது."

"தாரு! அதான் பரோலோ!" கண் பளபளத்தது. "பூவு ஏதாவது தெரியுதா?"

தெரிந்தது. "ரோஜா. புதுசு இல்லீங்க. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில மேடையில கெடக்குமே, அந்த மாதிரி ரோஜா மாலை."

யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அப்பா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துவிட்டு, மகள் பக்கம் திரும்பினார்.

"ஏன் பாப்பா, உனக்கு ரோஜா மாலைதானா?"

"ஆமாம்பா. லா ஷப்பெல்ல நம்ம தமிழ்க் கடையில வாங்கினது. நல்ல குளிரு. ரெண்டு நாள் வாடவே இல்ல."

"ம்."

பாரிஸில் லா ஷப்பெல் தமிழ்க் கடைத் தெரு. அங்கே வாங்கிய மாலையைப் பற்றித்தான் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் கேள்வி, முதல் பதில்.

அடுத்த ஒரு மணி நேரம்தான் அந்த ஒயினின் ராஜ்யம். புகையிலை வந்தது, பழைய தோல் பை வந்தது, காளான் முளைத்த ஈர மண் வந்தது. துவர்ப்பு இருந்தது. ஆனால் கடிக்கவில்லை, வெற்றிலை பாக்குப் போட்டுத் துப்பிய பிறகு நாக்கில் மிஞ்சி இருக்குமே, அவ்வளவுதான். புளிப்பு மட்டும் வயசாகாமல் நிமிர்ந்து நின்றது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நடு நடுவே தங்கச்சி திருத்தினாள். "தோல் பை இல்லண்ணா. அப்பாவோட பழைய மிலிட்டரி பெல்ட்" என்றாள்.

அம்மா கடைசி வரை வேண்டாம் என்றுவிட்டு, யாரும் பார்க்காதபோது ஒரு வாய் குடித்தார். "இதுக்கா முப்பத்து மூணு வருஷம்? என் பழம்புளி ரசம் இதைவிட மேல்" என்றார். யோசித்துப் பார்த்தால், அன்று சொன்ன வர்ணனைகளில் மிகச் சரியானது அதுதான்.

ஏழு மணிக்கு மிச்சத்தை முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. ரோஜா போய்விட்டது, தார் போய்விட்டது. தட்டையான ஒரு புளிப்பு. காற்றுப் பட்ட கிழட்டு ஒயின் அவ்வளவுதான் தாங்கும். இன்னும் ஐந்தாறு வருஷம் நிலவறையிலேயே விட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரமும் இருந்திருக்குமோ என்னவோ.

அப்பா காலி பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மாப்பிள்ளைக்குப் புடிக்குமா?" என்று பொதுவாகக் கேட்டார். அந்த வார்த்தை அந்த வீட்டில் அதற்கு முன் பேசப்பட்டதில்லை.

"அவரு குடிக்கவே மாட்டாருப்பா."

"அப்ப அடுத்த தடவை பாட்டில் வேணாம். ஆளைக் கூட்டிட்டு வா."

நண்பர்களே, உங்களுக்கு இதில் உபயோகமான விஷயம் ஏதாவது உண்டா என்றால், உண்டு. உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பாலானது வாங்கின ஓரிரு வருஷத்தில் குடித்துத் தீர்ப்பதற்காகச் செய்தது. அதை முப்பது வருஷம் வைத்தால் மெருகேறாது, வீணாகும். உள்ளே ஆரம்பத்திலேயே கடிக்கிற துவர்ப்பும் புளிப்பும் இருந்தால்தான் காலம் அதை ஏதாவது செய்ய முடியும். அப்படிப்பட்டதற்கும் ஒரு தேதி இருக்கிறது. பாட்டில் மேல் அந்தத் தேதியை யாரும் அச்சடிப்பதில்லை. 'கோபம் தானா ஆறட்டும், அப்புறம் பேசிக்கலாம்' என்று நாம் போடாமல் வைத்திருக்கிற போன்கால்கள் மேலும் அச்சடிப்பதில்லை. இரண்டு கோடி வருஷம் காத்திருக்கத் தெரிந்தவை திருவக்கரையில் வேலிக்குள் இருக்கின்றன. தட்டிப் பாருங்கள், கல்.

2024 மே மாசம், கத்திரி வெயிலில், மாப்பிள்ளை வந்தார். அம்மா பழம்புளி ரசம் வைத்தார். மூன்று தடவை வாங்கிக் குடித்தாராம். திரும்பிப் போகும்போது இரண்டு கிலோ பழம்புளி கட்டிக் கொடுத்தார்கள். பாரிஸ் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அந்தக் கறுப்பு உருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறார்.

"அஞ்சு வருஷம் பழசு" என்றாராம் மாப்பிள்ளை.

அதிகாரி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.